சிஞ்ஞோரா அகத்தாவைக் கூப்பிடும் குரல்

என் அன்பான வசந்தியக்கா,

நீங்கள் போன பிறகும் உங்கள் குரலை நான் கேட்டேன். கனவில் இல்லை. பட்டப்பகலில், பொலித்தேயாமா நாடக அரங்குக்குக் கிட்ட நீங்கள் பதினொரு வருடம் வேலை செய்த அந்தத் துணிக்கடையில், சனங்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கிழமை அத்தான் என்னைக் கூப்பிட்டு, கடை அலுமாரியில் உங்கள் சாமான்கள் கிடக்கின்றனவாம், போய் எடுத்து வரச் சொன்னார். தனக்கு அந்தக் கடைக்குள் போக மனம் வரவில்லை என்றார். வேலை முடிந்த கையோடு போனேன். கதவைத் தள்ளி உள்ளே போய்ப் படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் இடத்தைக்கூடத் தாண்டவில்லை, தலைக்கு மேலே நீங்கள் பேசினீர்கள். இத்தாலியனில், உங்களுடைய அந்த அவசரமில்லாத குரலில், யாரோ ஒரு அம்மாவைக் கூப்பிட்டீர்கள்: "சிஞ்ஞோரா அகத்தா, தயவுசெய்து இரண்டாம் மாடிக்கு வாருங்கள்."

என் கைப்பை கீழே விழுந்துவிட்டது. ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி மட்டும் எனக்குப் பக்கத்தில் வந்து, ஏற்கெனவே மடித்திருந்த துவாய்களை மறுபடி மடித்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் சாமான்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒலிபெருக்கிக்காக உங்களைப் பேசவைத்துப் பதிவு செய்ததாக ஒருநாள் சொன்னீர்கள். துப்புரவு வேலைக்குப் போன ஆளைக் காசாளர் மேசையில் இருத்தியிருக்கிறார்கள், இப்போது குரலையும் கேட்கிறார்கள் என்று உங்களுக்குப் பெருமை. உங்கள் இத்தாலியனைக் கேட்டால் இலங்கை ஆள் என்று ஒருவருக்கும் தெரியாதாம் என்றீர்கள்.

உங்கள் குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை, அக்கா. தொலைபேசியில் குரலைப் பதிந்து அனுப்ப உங்களுக்குப் பிடிக்காது. நேரே எடுத்துத்தான் கதைப்பீர்கள். கல்யாண வீடியோவில் எல்லார் பேச்சையும் மறைத்துப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆகவே நான் அந்தக் கடைக்கு மறுபடியும் போனேன். பிறகும் போனேன். அத்தானிடம் சொல்லவில்லை.

வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்தால் ஒன்றும் கேட்காது. உள்ளே காலெடுத்து வைத்துக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் பேசுவீர்கள். ஒருநாளும் தவறவில்லை. என்னைக் கண்டுதான் பேசுகிறீர்கள் என்று நம்பத் தொடங்கினேன். ஒருநாள் நீங்கள் கூப்பிட்டபடியே இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனேன். தலையில்லாத பொம்மைகள் இரவு உடுப்புப் போட்டு வரிசையாக நின்றன. நான் நடக்க நடக்க விளக்குகள் தாமாக எரிந்தன. ஆள் ஒருவரும் இல்லை. "அக்கா" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பினால், படியருகே ஒரு மனிதன் நின்று, சுவரில் இருந்த முகம்பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அபெனாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த மாதம்தான் போர்கோ வெக்கியோ பகுதியில் என் வீட்டுக்குக் கீழ்மாடிக்குக் குடிவந்தாள். கானா நாட்டுக்காரி. ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. நீங்கள் போன பிறகு நான் அடுப்பு மூட்டாத நாட்களில் கதவைத் தட்டிச் சோறு தந்தவள் அவள்தான். நாங்கள் இத்தாலியனில்தான் கதைப்போம்; இரண்டு பேருடையதும் ஒரே அளவு பிழையான இத்தாலியன்.

அவளுக்குத் திரைச்சீலை வாங்க வேண்டியிருந்தது. நான் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில், கடையின் பெயரைக் கண்டதும் தயங்கினாள். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனேன். அன்று உங்கள் குரல் உடனேயே வந்தது. அபெனா நின்றாள். கோட்டுப் பைக்குள் இருந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். பிறகு திரும்பி வெளியே போய்விட்டாள்.

வீதியில் வைத்து என்னவென்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதே? அது எனக்குத்தான். எங்கடை ஆக்கள் உள்ளுக்கை வந்தால் அந்த அகத்தாவைக் கூப்பிடுவினம். கவனமாய் இருங்கோ எண்டு வேலை செய்யிற ஆக்களுக்குச் சொல்லுறது. அப்பிடி ஒரு அகத்தா அங்கை இல்லை."

போன வருடம் அவளை அந்த வாசலில் மறித்து, பையைத் தலைகீழாகக் கொட்டினார்களாம். பாண், ஒரு மருந்துச் சீட்டு, மகளின் காலுறை. எல்லாவற்றையும் அவளே பொறுக்கி உள்ளே போட்டாளாம். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லையாம். "அந்தக் குரலை முதல்நாள் கேட்கேக்கை, என்ன அன்பான மனிசி எண்டு நினைச்சன்" என்றாள்.

நான் தனியாகப் போனாலும் அது கூப்பிடுகிறதே என்றேன். அபெனா என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "பின்னை?" என்றாள்.

அக்கா, அப்போது எனக்கு முதலில் வந்த நினைப்பை உங்களிடம் மறைக்க முடியாது. நான் அவர்களில் ஒருத்தி இல்லையே என்றுதான் நினைத்தேன். நீங்கள் அம்மாவின் நிறம், நான் அப்பாவின் கறுப்பு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் வீட்டில் எங்களை வளர்த்தார்கள். அபெனாவின் ஆட்களைக் குறிக்க எங்கள் வீட்டில் ஒரு சொல் இருந்தது. நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன். அந்த நினைப்போடு அபெனாவுக்குப் பக்கத்தில் வீடுவரை நடந்தேன். என் கால் எனக்கே கூசியது.

நம்பாமல் ஒரு சனிக்கிழமை காலையில் போய், முகத்தை மூடிச் சால்வை சுற்றிக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதவுக்கு உள்ளே ஓரமாக நின்றேன். இத்தாலியர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நீங்கள் பேசவில்லை. நல்ல சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு கறுப்பின மனிதர், மனைவியோடு வந்தார். பேசினீர்கள். அந்த மனைவி ஒரு தலையணையைக் கையில் எடுத்து, நீங்கள் சொல்லி முடிக்குமுன் வைத்துவிட்டார்.

கடை முதலாளியிடம் போனேன். மரியாதையாக எழும்பி நின்றார். உங்களை நினைத்து அவர் கண் கலங்கியது, அது பொய்யில்லை. பிறகு, இது பாதுகாப்புக்கான ஏற்பாடு, எல்லாக் கடையிலும் ஏதோவொன்று உண்டு என்றார். எனக்காக அந்தக் குரலின் விசையை அழுத்தியிருக்க மாட்டார்கள், வாசலில் நிற்பவர்கள் புதியவர்கள், ஆள் மாறிப்போயிருக்கும் என்றார். ஆள் மாறாவிட்டால் சரியா என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பதிலாக, அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமலா? அகத்தா என்ற பெயரைச் சொன்னதே அவர்தான்."

அவர் சொன்னது உண்மையா, அக்கா? நீங்கள் இருந்த காலத்தில் நான் எத்தனை தரம் அங்கே வந்திருக்கிறேன். ஒருநாளும் அந்தக் குரல் கேட்டதில்லை. நான் கதவைத் திறந்ததும் நீங்கள் எழும்பி ஓடிவந்து, என் கையைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்க "என் தங்கை" என்று இத்தாலியனில் சொல்வீர்கள். வரமுன் எனக்கு அறிவித்துப்போட்டு வா என்பீர்கள். பாசம் என்று நினைத்திருந்தேன். பாசம்தான். ஆனால் எதிலிருந்து என்னை மறைத்தீர்கள்? தங்கை இல்லாத மற்றவர்கள் வந்தபோது அந்த விசையை அழுத்தியது யாருடைய விரல்?

குடியேறியவர்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். குடும்பம் சம்மதிக்காவிட்டால் உங்கள் குரலைப் பாவிக்கக்கூடாது என்று கடிதம் எழுதலாம் என்றார். அத்தானின் கையெழுத்து வேண்டும். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். "அழிக்கமுன்னம் எனக்கு ஒருக்கால் கொண்டு வா, பிள்ளை. அவளின்ரை குரலாவது இருக்கட்டும்" என்றார்.

முதலாளி சண்டை பிடிக்கவில்லை. ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கணினியில் அந்தப் பதிவைத் திறந்தார். ஒரு பிரதி தருகிறேன், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று தானாகவே சொன்னார். கடைசியாக ஒருதரம் போடச் சொன்னேன். அந்தச் சின்ன அறையில் கேட்டபோது, வசனம் தொடங்குமுன் நீங்கள் மூச்சு எடுப்பது கேட்டது. கடைக்குள் அது கேட்டதேயில்லை. எனக்குப் பின்னால் நின்று எடுத்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

பிரதி வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றேன். அந்த மூச்சுக்குப் பிறகு வருவதை அத்தான் காலையும் மாலையும் போட்டுக் கேட்பார் என்று நினைத்தேன், தாங்க முடியவில்லை. நான் செய்தது சரியோ தெரியாது. அத்தான் இரண்டு கிழமையாக என்னோடு கதைப்பதில்லை.

கடையில் இப்போது உங்கள் குரல் இல்லை. போன செவ்வாய்க்கிழமை அபெனாவும் நானும் போய்ப் பார்த்தோம். நாங்கள் உள்ளே போனதும் இரண்டு தரம் மணி அடித்தது, அவ்வளவுதான். துவாய் மடிக்கும் பெண் எங்களை நோக்கி நடந்து வந்தாள். அபெனா அசையாமல் நின்று, எத்தனை மணிக்கு, யார் வந்து பக்கத்தில் நின்றார்கள் என்று தொலைபேசியில் எழுதிக்கொண்டாள். அங்கிருந்து நேரே அந்த வக்கீலிடம் போய், எங்கள் இரண்டு பேர் பெயரிலும் முறைப்பாடு கொடுத்தோம். கீழே முதலில் அவள் கையெழுத்து, பிறகு என்னுடையது. பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போவேன்.

ஆனால் அபெனாவிடம் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று.

வாற ஞாயிற்றுக்கிழமை மகளோடு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். முன்னறையில் உங்கள் படம் இருக்கிறது. ஆர் இது என்று கேட்பாள். உங்களைப் பற்றிச் சொல்வேன்: என்னை இந்த ஊருக்கு எடுப்பித்ததையும், என் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு மாதம் நித்திரையில்லாமல் பக்கத்தில் இருந்ததையும் சொல்வேன். பிறகு மற்றதையும் சொல்வேன். கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாலும் போவாள். படத்தைத் திருப்பி வைக்கச் சொன்னாலும் சொல்வாள். உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன், அக்கா. உங்களை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். அவள் கேட்கிற எல்லாவற்றுக்கும் உங்கள் இடத்தில் இருந்து நான் பதில் சொல்வேன். இது சத்தியம்.

நீங்கள் கைபிடித்து உள்ளே கூட்டிவந்த,
உங்கள் தங்கை சுகந்தி