பாதியில் அறுந்த 'ஆனா'

திண்டிவனம்,
12.11.1984

அன்புள்ள இருதயமேரிக்கு அம்சா எழுதுவது. நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம், ஆறாம் மாதம் நடக்கிறது. 'நான் விழுப்புரம் டெலிபோன் போர்டில்தானே இருக்கிறேன், உன் போர்டிலிருந்து லைனிலேயே கேட்கலாமே' என்பாய். பக்கத்தில் எத்தனை காது! அதனால்தான் இந்த இன்லேண்டு லெட்டர்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பக்கத்துக் கிளியனூர் தபாலாபீசுக்கு ஒரு டிரங்கால் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பேசினது ஒரு வயசான அம்மா. இந்தப் பக்கம் அவர் மகன் விருத்தாசலம். பேச்சு முடிந்ததா என்று நான் காது கொடுத்தபோது, "கொழந்த பொறந்துட்சிடா, ஆனா..." என்றார். கால் குறித்த டிக்கெட்டைப் பார்க்காமலே நம்பர் போடுகிறவள் என்ற திமிர் எனக்கு. பக்கத்து லைன் ஒயருக்குப் பதிலாக அவர்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். மறுபடி செருகுவதற்குள் மழையில் கிளியனூர் லைன் போய்விட்டது.

அந்த 'ஆனா' அன்றிலிருந்து என்னை விடவில்லையடி.

வேடிக்கையைக் கேள். அதை நினைக்கவே கூடாது என்று உட்கார்ந்து, நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு பழைய டிக்கெட்டின் பின்னால் கோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு கோடு! காலையில் மல்லாட்டை விலை கேட்க மண்டிக்காரர்கள் மெட்ராஸ் லைனுக்கு மொய்க்கும்போது, ஆறேழு நம்பரை மனசில் பிடித்திருக்கிறேனே, அப்போது இரண்டே கோடு. மனசுக்குள் நம்பரைப் பிடிக்கிற கைதான் வேண்டாததைத் தள்ளவும் செய்கிறதோ? சரியாகத் தூங்காத நாளில் நம்பரும் நழுவுகிறது, அந்த 'ஆனா'வும் உள்ளே வந்துவிடுகிறது. அப்படியென்றால் என் பக்கத்து சீட் அஞ்சம்மாள் அக்கா எப்படி? பக்கத்துக் கடை நம்பருக்கே ரிஜிஸ்டரைப் புரட்டுகிறவர், "இன்னாத்துக்குடி அதையே நெனச்சிக்கினு கீறே, உட்டுத்தள்ளு" என்று வெற்றிலை போடுகிறார். அவருக்குத் தள்ளுவதற்கே ஒன்றும் தங்குவதில்லை போல.

சிரிப்பு வந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. இந்த வாரம் இரண்டு தப்பு நம்பர் கொடுத்துவிட்டேன். இன்னொன்று ஆனால் போர்டில் உட்கார விடமாட்டேன் என்கிறார் சூப்பர்வைசர்.

மேரி, லைன் அறுந்ததும் அந்த அம்மா மிச்சத்தை உன்னிடம்தானே சொல்லியிருப்பார்? கெட்டதென்று தெரிந்தால் அழுதுவிட்டு எப்படியோ தள்ளிவிடுவேன். தெரியாததை எங்கே பிடித்துத் தள்ளுவது? பகலில் அது அவர்கள் குழந்தை. படுத்தால் என் குழந்தை ஆகிவிடுகிறது.

செவ்வாயிலிருந்து லைனில் வரும்போதெல்லாம் நம்பரை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறாய். என் வயிற்றை நினைத்துத்தான் மறைக்கிறாயா? மறைக்காதே. நல்ல சேதி என்றால் கடிதம்கூட வேண்டாம், லைனிலேயே சொல்லிவிடு. எத்தனை காது கேட்டாலும் சரி.

அந்தத் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும்.

உன்
அம்சா