கரைக்கு வெளியே நல்ல தண்ணீர்

1958, ஐப்பசி. செவ்வாய் இரவு.

குடிதண்ணீர் ஊருணி நிரம்பி நிற்கிறது. அதன் கரைக்கு வெளிப்புறம், எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும் பொட்டலில், நல்ல தண்ணீர் ஊறுகிறது என்று காலையில் ஊரே திரண்டுவிட்டது. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டுவதுபோல, பெண்கள் கரையின் அடியைத் தேங்காய்ச் சிரட்டையால் தோண்டித் தோண்டிக் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன்.

"தோண்டாதீக! இது ஊத்து இல்ல, கரை கசியுது" என்று கத்தினேன்.

ராவியத்து அக்கா சிரட்டையைக் கீழே வைக்கவில்லை. "அல்லா குடுத்த தண்ணியத் தடுக்க, பஞ்சாயத்துத் தலைவருன்னா பெரிய இவுகளா தம்பி?"

"இது நம்ம ஊருணித் தண்ணிதான்க்கா. இப்படியே தோண்டுனா கரை பிச்சுக்கிட்டுப் போயிரும். அப்புறம் வருசம் பூரா உப்புத் தண்ணிதான் குடிக்கணும்."

சிரட்டை நின்றது.

தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தால்தான் ஆபத்து. அடைக்கவும் கூடாது, அடைத்தால் வேறு பக்கம் உடைத்துக்கொள்ளும். தண்ணீர் கசியட்டும், மண் நகராமல் இருக்கட்டும் என்று மேலே மணலும் சரளையும் கொட்டி அமுக்கச் செய்தேன். இருட்டுவதற்குள் முடிந்தது. கரை நிற்கும். எழுதியே வைக்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது குடித்த தண்ணீர் இனித்தது. ஊருணித் தண்ணீரில் எப்போதும் இருக்கும் சேற்று வாடை இல்லை. மனைவியை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒரு குடந்தான் எடுத்தேன்" என்றாள். "நீங்க வாரதுக்கு முந்தி."

இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன்.