காளை ஓடும் பக்கம்

சேக்காடு, ஆவடி
5.5.2024

அன்புள்ள உஸ்மான் கனி மாஸ்டருக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: தப்பு உங்கள் ஊசியில் இல்லை, என் செல்பியில். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள்; அதனால் பக்கத்து ஊருக்குத் தபால்தலை ஒட்டுகிறேன்.

நம் பட்டாலியன் ஒன்றுகூடலுக்கு நீங்கள் தைத்த மாதிரி பேட்ஜைக் கோட்டில் குத்திக்கொண்டு, படமெடுத்துக் குழுவில் போட்டேன் அல்லவா? நம் பட்டாலியன் கொடியில் இடப்பக்கம், எதிரியை நோக்கிப் பாயும் காளை, என் நெஞ்சில் வலப்பக்கம் ஓடியது. புறமுதுகு! உடனே நம் சம்பத், "இன்னா மாஸ்டரு, கண்ணு அவுட்டா? காளை ரிவர்ஸ்ல போய்கினு கீதே!" என்று குரல்பதிவு அனுப்பினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இருபத்திரண்டு வருஷம் நமக்குச் சீருடை தைத்த நீங்கள் குழுவைவிட்டே போய்விட்டீர்கள்.

நேற்று என் மகள் ரோஷினி கேட்டாள்: "ஏம்பா, உன் கோட்டுப் பாக்கெட் எப்படி வலது பக்கம் போச்சு?"

செல்பி இடவலம் மாற்றிக் காட்டுமாம். முன்னாள் ஹவில்தார் கிளார்க்குக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஞானம்.

இருப்பு கொள்ளவில்லை. இரண்டு முறை பூந்தமல்லி பஸ் ஏறி, உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் வழியில் கரையான்சாவடியிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். பேட்ஜுகளைத் தொடாதீர்கள்.

அவமானத்துடன்,
ஹேமநாதன்

பூந்தமல்லி
9.5.2024

மதிப்பிற்குரிய கிளார்க் சாருக்கு,

கடிதம் பிந்திவிட்டது. நாற்பது பேட்ஜையும் பிரித்து, திருப்பித் தைத்துவிட்டேன். தாழ்ந்த கொம்பு பணிவு, தூக்கிய முன்கால் துணிவு. எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் இப்போது நாற்பதும் உங்கள் அக்குளைப் பார்த்து ஓடும். என் மகன் ஜாகிர் பெட்டியைக் கொண்டுவந்து தருவான்.

கண் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. அத்தனை பேர் சொன்னபோது என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். என் மனைவி அஷ்ரஃபுன்னிசா, "அவங்க கெடக்கறாங்க, நீங்க தெச்சது சரிதாங்க" என்றாள். அவளையும் அதட்டினேன். ஊசியை அவளிடமே கொடுத்துவிட்டேன். இனி தொடமாட்டேன். ஒன்றுகூடலுக்கும் வரமாட்டேன்.

தங்கள்,
உஸ்மான் கனி

சேக்காடு
20.5.2024

மாஸ்டர்,

நேற்று மண்டபத்தில் நாற்பது நெஞ்சிலும் உங்கள் காளைதான்! மைக்கைப் பிடித்து என் செல்பி கதையைச் சொன்னேன். சம்பத் எழுந்து, "மாஸ்டர் கையால தெச்சது எந்தப் பக்கம் ஓடினா இன்னாபா? நான் கயட்ட மாட்டேன்!" என்றான். கர்னல் தம் பேட்ஜைத் தடவியபடி, "இது ஓடவில்லை. பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்கிறது. பட்டாலியனுக்கு அதுவும் வேண்டும்" என்றார். பலர் அழுதார்கள். நான் பிரியாணி முடித்துவிட்டு அழுதேன்.

கிளம்பும்போது ஒவ்வொருவராகக் கழற்றி என்னிடம் தந்தார்கள், மாஸ்டர் கையாலேயே காளை திரும்பட்டும் என்று. பெட்டியை ரோஷினியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஊசியைக் கேட்டு வாங்குங்கள், மாஸ்டர். உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. என் வாய்க்கும் விரலுக்கும்தான் வைத்தியம் வேண்டும்.

பதிலுக்குத் தவிக்கும்,
ஹேமநாதன்

பூந்தமல்லி
27.5.2024

டேய் மாமே,

பெட்டி வந்தது. உன் கடிதத்தை அஷ்ரஃபுன்னிசா உரக்கப் படித்தாள். கர்னல் பேசிய இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்துக் கொடுத்தாள். முதல் காளை பாதி திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடையில் இருப்பேன். கரையான்சாவடியில் இறங்காமல் வந்து சேர்.

உன்,
உஸ்மான்

பி.கு. பெட்டியில் ஜாகிர் அன்று ஒட்டிய டேப்பை யாரும் பிரித்திருக்கவில்லை. நான்தான் கத்தரியால் வெட்டினேன்.