காக்கை எடுத்த வாஃபிள்

என் பிரியமான வசந்தா அக்காவுக்கு,

நம் குடும்பம் ஒரு மாபெரும் முடிவை எடுத்தது. உன் முதல் வருஷப் படையலில் இட்லிக்குப் பதிலாக, மோர் ஊற்றிச் செய்த வாஃபிள் வைப்பது என்று. ஐந்து பெரியவர்கள் இரண்டு நாள் பேசி ஏகமனதாக முடிவு செய்தோம். உன் மகள் நித்யாவைக் கல்லூரியில் சேர்ப்பது பற்றிப் பேச அந்த இரண்டு நாளில் நேரம் கிடைக்கவில்லை.

யோசனை உன் வீட்டுக்காரருடையது. "அவளுக்கு வாபில்னா உசுரு" என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லி அழுதார். புதுச்சேரியில் நீ சமையலுக்குப் போன வீட்டம்மா கொடுத்த மிஷினில் நீ முதன்முதலாகச் சுட்டது ஞாபகம் இருக்கிறதா? "இன்னாடி இது, ஜன்னல் கம்பி மாரி கீது" என்று தட்டைத் தள்ளிவிட்டு மாமா மூன்று தோசை கேட்டார். நீ அடுப்படியில் நின்றபடியே அதைத் தின்று முடித்தாய். மிஷின் பரணுக்குப் போயிற்று. அழுகிற மனிதரிடம் இதையெல்லாம் நினைவுபடுத்துவது மரியாதையா?

படையல் அன்றுதான் நித்யா கல்லூரியில் சேரக் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குள் விழுப்புரத்தில் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும். அவள் இங்கே விழுப்புரத்தில் என் வீட்டில் தங்கிப் படிப்பாள் என்று நீ இருக்கும்போதே நாம் பேசி வைத்ததுதானே? அதனால் மதியப் படையலைக் காலையிலேயே போட்டுவிடலாம் என்றேன். பெரிய மனதோடு சம்மதித்தார்கள்.

நித்யா ஐந்து மணிக்கு எழுந்தாள். உன்னைப் போலவே, மோரைக் கெட்டியாகப் புளிக்க வைத்திருந்தாள். மாமாவின் அக்கா அதைப் பார்த்து, வந்தவர்களுக்கென்று நினைத்து, தண்ணீர் ஊற்றி உப்பும் பெருங்காயமும் போட்டுக் கலக்கிவிட்டார். மறுபடி தயிர் வாங்கி, கடைந்து, மாவு கரைத்துச் சுட்டு, மாடியில் இலை போடும்போது ஒன்பதரை.

காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது, வெளியே கிளம்பவும் கூடாது. திண்டிவனத்துக் காக்கைகள் வாஃபிளைப் பார்த்தன. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து யோசித்தன. ஒன்றும் இறங்கவில்லை.

"அவளுக்கு இன்னாமோ கொறை. அதான் எடுக்கல" என்றார் மாமாவின் அக்கா.

"அத்தை, பத்தே கால் பஸ்ஸ உட்டா அவ்ளோதான்" என்றாள் நித்யா, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"உங்கம்மாவ உட பஸ்ஸு பெருசாடி உனுக்கு?"

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டபோது, இலையின் ஓரத்தில் கிண்ணத்தால் மூடியிருந்த நெத்திலிக் கருவாட்டில் இரண்டை எடுத்து வாஃபிளின் மேல் வைத்தேன்.

அதே நேரம் மாமா கையைத் தூக்கினார். "வசந்தா! உன் பொண்ண எங்கியும் அனுப்ப மாட்டேன். என் கூடவே வச்சிக்கினு பாத்துக்கறேன். ஜல்தி வந்து எடுத்துக்கோ!"

காக்கை இறங்கியது. கருவாட்டோடு வாஃபிளில் கால்வாசியைப் பிய்த்துக்கொண்டு போனது.

மாடியே அழுதது. "பாத்தியா, உங்கம்மாவே சொல்லிட்டா" என்றார் மாமா. காலை டிபனுக்கு ஆள் இல்லாமல் போகுமே என்று ஒரு மாதமாகக் கவலைப்பட்ட மனிதர் அவர். அவருடைய கவலை உனக்கு அங்கே வரைக்கும் கேட்டுவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

"சித்தி, நீங்க சொல்லுங்க" என்றாள் நித்யா.

சொல்லியிருக்கலாம். படையலைத் தீட்டாக்கியவள் என்ற பெயர்தானே வந்திருக்கும்? ஆனால் அதற்குள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டார்கள். என் வாய் நிறைய வாஃபிள் இருந்தது. நன்றாகவே வந்திருந்தது, அக்கா. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் காக்கை நீ இல்லைதானே?

இந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போகிறேன். கருவாடு வைத்தது நான்தான் என்று மாமாவின் முகத்துக்கு நேரே சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

விழுப்புரத்திலிருந்து,
உன் கூடப் பிறந்தவள்.

பி.கு.: கல்லூரியில் போய் விசாரித்தேன். பட்டியலில் நித்யாவின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதி, அந்த இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.