இருட்டாக விழுந்த படத்தை அழிக்கவில்லை, அம்மா

என் அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. கல்லறை மேட்டில் உன் பக்கத்தில் இருக்கிற பெரியம்மாவிடம்கூட வேண்டாம். அவள் வாயில் எதுவும் நிற்காது என்று நீதானே சொல்வாய்?

அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

உன் அடக்கத்தன்று மலைப்பாதையில் மண் சரிந்து, உடும்பஞ்சோலையிலிருந்து போட்டோக்காரர் வர முடியவில்லை. ஆண்டுவிழாவுக்காகப் பள்ளியில் என்னிடம் கொடுத்திருந்த கேமராவில் நானே எடுத்தேன். பெட்டியைச் சுற்றி எல்லோரும் நிற்க, இரண்டே படம். பின்னால் மூடுபனி, உன்மேல் வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ. அவ்வளவு வெள்ளையைக் கண்டதும் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. முதல் படம் இருட்டாக விழுந்தது. இரண்டாவதற்கு நான் வெளிச்சத்தைக் கூட்டினேன்.

இன்று சாயங்காலம் அத்தை இருட்டுப் படத்தைப் பார்த்தாள். “ஏ பிள்ள, மதினி மூஞ்சி கரிச்சட்டியாட்டம்லா இருக்கு! அவ மட்டும் பாத்தான்னா உன்னைய வெளக்கமாத்தாலயே சாத்துவா.” எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “அதை அழிச்சிரு. வெளிச்சமா இருக்கதை நாளைக்குப் பெருசாக்கக் குடுப்போம்” என்றார். சாப்பிட்டு எழுந்ததும், “அழிச்சிட்டியா?” என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்றேன்.

ஒரு பொத்தானை அழுத்தினால் படத்துக்குப் பக்கத்தில் மலை மாதிரி ஒரு வரைபடம் வரும். ஹிஸ்டோகிராம். அதில் இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். மலை ஓரத்தில் போய் முட்டிக்கொண்டால், அந்த இடத்தில் படத்துக்குள் ஒன்றும் பதியவில்லை என்று அர்த்தம். இருட்டுப் படத்தில் மலை இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, ஆனால் ஓரத்தைத் தொடவில்லை. எல்லோரும் நல்லது என்ற படத்தில் வலது ஓரத்தில் செங்குத்தாக முட்டி நிற்கிறது.

சின்னத் திரையை நம்பக் கூடாது அம்மா. பகலில் மங்கலாகக் காட்டிய அதே படத்தை இப்போது போர்வைக்குள் பளிச்சென்று காட்டுகிறது. வரைபடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரிதானா என்று சோதித்தேன். இருட்டுப் படத்துக்கு கேமராவிலேயே ஒரு நகல் எடுத்து வெளிச்சம் கூட்டினேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக, உன் முகம் வந்தது. தாடை மச்சம்கூட. பிறகு வெளிச்சப் படத்தின் நகலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். வெள்ளை சாம்பலானது, அவ்வளவுதான். உன் தலையில் போட்டிருந்த, நீ இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து பின்னிய கோயில் முக்காட்டில் ஒரு கண்ணிகூட இல்லை. இருட்டுப் படத்தில் எல்லாக் கண்ணியும் இருக்கிறது. முக்காட்டை உன்னோடு புதைத்துவிட்டோம். இனி அதை வேறு எங்கே பார்ப்பேன்?

அந்தப் படத்தை அழிக்க மாட்டேன். காலையில் அப்பாவிடம் இரண்டையும் காட்டி, பொய் சொன்னதையும் நானே சொல்லிவிடுவேன். ஏசினால் ஏசட்டும். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

“பிள்ள, முழிச்சிருக்கியா? எனக்கும் உறக்கம் வரல. ஏட்டி... அழிச்ச படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?”

உன் மூத்தவள்