வெள்ளக் கோட்டுக்குப் பதினொரு அங்குலம் மேலே

அன்புள்ள பெரிட்டுக்கு,

நானும் அப்பாவும் நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாள் முனகுகிறது, நீயும் பிள்ளைகளும் அந்த ஆரிகன் ஈரத்தில் சளி பிடிக்காமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மார்ச் மாதம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "வீடும் அங்கேயேதான் இருக்கு, ஆறும் அங்கேயேதான் இருக்கு, அப்புறம் எப்படிம்மா நம்ம வீடு திடீர்னு வெள்ளத்துக்குள்ள போச்சு?" என்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என முப்பத்தோரு வருடம் ஏழாம் வகுப்புக்குச் சொன்னவள், அன்றைக்கு உன்னிடம் பனியைப் பற்றிப் பேசி மழுப்பிவிட்டேன். இப்போது பதில் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

கூரை மாற்ற வங்கியில் கடன் வாங்கினோம் அல்லவா, புதிய வெள்ள வரைபடம் வந்த கையோடு வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, உங்கள் வீடு வெள்ளப் பகுதியைக் காட்டும் நீல நிறத்துக்குள் இருக்கிறது, வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்று. அதற்கு வருடத்துக்கு எங்கள் ஓய்வூதியத்தில் இரண்டு மாதப் பணம் போகும். முதல் வருடத்துக்கு எப்படியோ கட்டிவிட்டோம், அடுத்த வருடத்துக்கு வழியில்லை, வீட்டை விற்றுவிட்டு ஊருக்குள் ஒரு சின்ன அடுக்ககத்துக்குப் போவது என்று அப்பாவும் நானும் பேசி முடித்தே வைத்திருந்தோம். உனக்குச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அப்புறம்தான் அந்த வரைபடத்தை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். நான் கரும்பலகையில் மிசிசிப்பி ஆற்றை வரையும்போது சாக்பீஸ் தடிமனிலேயே இரண்டு ஊர் காணாமல் போகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். இதுவும் அப்படித்தான். மாவட்டம் முழுவதையும் ஒரே தாளில் வரைந்தால் நம் வீடு நிற்கிற மாதிரிச் சின்ன மேடெல்லாம் நீலத்துக்குள் போய்விடும். யார்மேலும் குற்றமில்லை. வீட்டைத் தொடுகிற மண் வெள்ளம் ஏறும் உயரத்துக்கு மேலே இருக்கிறது என்று அளந்து காட்டினால், வரைபடம் போட்ட வாஷிங்டன் அலுவலகமே உங்கள் வீடு நீலத்தில் இல்லை என்று எழுதிக் கொடுக்குமாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம்கூடக் கிடையாது, அளக்கிற ஆளுக்கு மட்டும்தான் செலவு.

அளக்க வந்தது லைல் ப்ரெக்கி, என்னிடம் படித்தவன், இப்போது பேரன் எடுத்துவிட்டான், இன்னமும் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றுகிறான். மூன்று கால் கருவியை வைத்து வீட்டை நாலு பக்கமும் அளந்தான். சுவரைத் தொடும் மண்ணில் ஆகத் தாழ்ந்த இடம்கூட வெள்ளக் கோட்டுக்குப் பதினொரு அங்குலம் மேலே. நான் காபி கொண்டுவர உள்ளே திரும்பினேன். "டீச்சர், சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி இங்க வாங்க" என்று பின்பக்கம் கூட்டிப்போனான். நீ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அப்பா ஆற்றைப் பார்க்க ஒரு மரத்தளம் கட்டினாரே, அதன் முன்கால்கள் இரண்டும் சரிவில் இறங்கி நிற்கின்றன, கோட்டுக்குப் பதினான்கு அங்குலம் கீழே. "வீட்டோட போல்ட் போட்டுச் சேர்த்திருக்கீங்கல்ல, அந்தக் காலும் வீடுதான்" என்றான். சாப்பாட்டுக் கூடத்துக்கு வரிசையாகப் போகும்போது கடைசிப் பிள்ளை வந்து சேராமல் வகுப்பு வந்துவிட்டதாக நான் ஒப்புக்கொண்டதே இல்லை, அதனால் அவனிடம் வாதாட முடியவில்லை.

அப்பா இரண்டு நாள் அந்தத் தளத்தின் கால்களையே சுற்றிச் சுற்றி வந்தார். சனிக்கிழமை காலை பார்த்தால் அப்பாவின் பழைய சிநேகிதர் ஹார்லன் தன் பண்ணையிலிருந்து ஒரு லாரி மண்ணோடு வாசலில் நிற்கிறார், காலடியில் கொட்டி நிலத்தை உயர்த்திவிடுவது என்று இரண்டு பேருமாகத் திட்டம். நான் ஏப்ரனோடு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கேள்வியை முழுக்கப் படிக்காமல் விடை எழுதுகிற பழக்கம் உன் அப்பாவை விடவே விடாது. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து போட்டால் இந்த எளிய விண்ணப்பம் செல்லாது, அதற்கு வேறே விண்ணப்பம், வேறே அனுமதி என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. "மண்ணு மண்ணுதான, ஆர்டிஸ்" என்று அப்பா முணுமுணுத்தார். ஹார்லனோ, "முப்பது மைல் ஓட்டிட்டு வந்திருக்கேன், இதை நான் உன் சமையலறையிலயா கொட்டுறது?" என்றார். ருபார்ப் கேக் நாலு துண்டு சாப்பிட்ட பிறகு மண்ணையும் லாரியையும் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்.

தளத்தை வீட்டிலிருந்து பிரித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அது அவர் வாயிலிருந்தே வர வேண்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை காபி குடித்தவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மறுநாள் சர்ச்சிலிருந்து ஆறு பேர் வந்தார்கள், வேலை செய்தது ஹார்லனின் டிராக்டர், ஆறு பேரும் யோசனை மட்டும் சொன்னார்கள். தளம் இப்போது வீட்டுக்கு எட்டடி தள்ளித் தனியாக நிற்கிறது, பின்கதவுக்கு மேட்டிலேயே இரண்டு படி போட்டாகிவிட்டது. "காபி குடிக்கணும்னா இப்ப வெளியூர் போற மாதிரி தொப்பி வச்சுக்கிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கு" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், ஆனால் தினமும் போகிறார்.

லைல் மறுபடி அளந்து முத்திரை வைத்து அனுப்பினான். ஏழு வாரம் ஆயிற்று. போன வியாழக்கிழமை கடிதம் வந்தது, நம் விலாசத்தைப் போட்டு, இந்தக் கட்டடம் வெள்ளப் பகுதியில் இல்லை என்று. அப்பா தபால் பெட்டி அருகிலேயே நின்று இரண்டு தரம் படித்தார். உள்ளே வந்து, "அப்ப கூரை மாத்துனது வீண் போகல" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அடுக்ககத்துக்காரர்கள் கொடுத்த விவரத்தாளை எடுத்து அடுப்பு மூட்டும் காகிதங்களோடு போட்டுவிட்டார். திங்கட்கிழமை வங்கியும் காப்பீடு இனி கட்டாயமில்லை என்று எழுதிவிட்டது. நீ கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் பழைய அறையிலேயே படுக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், மாறியது காகிதத்தில் வீட்டின் நிலை மட்டும்தான். தோட்டத்தின் கீழ்ப்பாதி இன்னும் நீலம், அந்தக் கோட்டைத் தாண்டியும் ஆறு வரலாம் என்று லைல் சொன்னான். அதனால் யாரும் கேட்காமலேயே ஒரு சின்னக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறோம், இது நம்மால் கட்ட முடிகிற தொகை.

நீயும் இப்போது ஓடைப் பக்கம் வீடு வாங்கியிருக்கிறாய், நீ அனுப்பிய படத்தில் பின்பக்கம் ஒரு மரத்தளமும் தெரிகிறது. கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் காய்ந்த தரையிலேயே வைத்திருக்கட்டும். ஸ்வெட்டருக்குப் பிள்ளைகளின் கை அளவை அனுப்ப மறந்துவிடாதே. வருகிற சனிக்கிழமை ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு உன் வீட்டை ஒருமுறை சுற்றி நட, சுவரோ படியோ தளத்தின் காலோ மண்ணைத் தொடுகிற இடங்களில் ஆகத் தாழ்ந்தது எதுவோ, அங்கே அந்தக் குச்சியை ஊன்றி வை.

அதே வீட்டிலிருந்து,
உன் அம்மா ஆர்டிஸ்