இஸ்திரியின் கல்லூரிக்கு என் வக்காலத்து

அன்பு மகளுக்கு,

உன் நலம் கேட்டு, என் நலம் சொல்லி அப்பா எழுதிக்கொள்வது. நான் போன் செய்தால் உனக்கு வகுப்பு இருக்கிறது. வகுப்பு இல்லாத நேரத்தில் போனில் சார்ஜ் இருப்பதில்லை. கடிதத்துக்கு சார்ஜ் வேண்டாம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முதல் இரண்டு வரி கண்ணில் படாமல் போகாது. அதனால் முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: போன செவ்வாய்க்கிழமை உன் கல்லூரியைப் பற்றி முக்கால் மணி நேரம் நல்லதாகவே பேசினேன். மயக்கம் தெளிந்ததும் மேலே படி.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, என்னைத் திட்டும் தெம்பு கூடிவிட்டது. உன் அறை காலியாகத்தானே இருக்கிறது என்று என் கோப்புகளை அங்கே கொண்டுபோய் அடுக்கினேன். மறுநாள் உன் அம்மா அவற்றை எல்லாம் குளியலறை வாசலில் அடுக்கியிருந்தாள்.

இனி கதைக்கு வருகிறேன். நம்முடைய ஒன்பது தனியார் கல்லூரிகளும் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை உனக்குத் தெரிந்ததுதான். மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை, நான்கு நாற்காலி, ஒரு செயலாளர். வருடா வருடம் பிரின்சிபால்கள் இரண்டிரண்டு பேராகக் கம்பெனி முதலாளிகளைப் போய்ப் பார்த்து, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்போம். போன வருடம் இரண்டு பேர் ஒரு முதலாளியின் மேசைக்கு முன்னாலேயே, யார் கல்லூரியில் மரம் அதிகம் என்று சண்டை போட்டுவிட்டார்கள். அவர் இருவருக்கும் ஆளுக்கொரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதனால் செயலாளர் அம்மா இந்த வருடம் ஒரு சட்டம் போட்டார். கெமிஸ்ட்ரி பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சொட்டுச் சொட்டாக அளந்துதான் விடுவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பியூரெட், லேபில் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய். "உங்க காலேஜைப் பத்தி நீங்க வாயே திறக்கக் கூடாது. கூட வர்றவர் காலேஜைப் பத்தித்தான் பேசணும். முடியாதுன்னா வீட்லயே இருங்க" என்றார். பிறகு பழைய சர்க்கரை டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். எனக்கு ஜோடியாக யார் வந்திருப்பார் என்று நீ யோசிக்க வேண்டாம். உன் பிரின்சிபால்தான். என் ஜென்ம விரோதி. ஏழு மணி நேரம் காரில் வந்தாலும் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாத மனிதர். நான் அவரை இஸ்திரி என்று கூப்பிடுவது அவருக்கும் தெரியும்.

போக வேண்டிய இடம் பிஸ்கட் கம்பெனி. நாற்பத்திரண்டு பிள்ளைகள் அதன் முதலாளி அம்மாவின் உதவியில் படிக்கிறார்கள். இந்த வருடத்தோடு நிறுத்திவிடலாமா என்று அவர் யோசிப்பதாகக் கடிதம் வந்திருந்தது. நின்றால் நம் வாட்ச்மேன் மகள் இரண்டாம் வருடத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாளே, அதே பெண்தான்.

இஸ்திரி கல்லூரியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்த குறைகள் மட்டும்தான் தெரியும். உன் அம்மாவிடம் கேட்டேன். "நான் என்ன போஸ்ட் ஆபீசா? வேணும்னா உங்க பொண்ணுகிட்டயே கேளுங்க" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் பட்டாணி உரிக்க உட்கார்ந்தவள், நீ அவளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை எல்லாம் போனில் சத்தமாகப் போட ஆரம்பித்தாள். நான் ஹாலில் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். வலது ஷூவுக்கு மட்டும் நான்கு தடவை போட்டேன்.

உன் குரலைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவின் அறைக்குள் போனோம். வெண்ணெய் வாசனை. தட்டு நிறைய உடைந்த பிஸ்கட். முழு பிஸ்கட் எல்லாம் விற்பனைக்காம். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டாம பேசுவீங்கன்னு சொன்னாங்க. எங்க, பார்க்கலாம்" என்றார். நான் ஆரம்பித்தேன். இவர் கல்லூரியில் கல்லுக்கென்றே ஒரு மேசை இருக்கிறது. எந்தப் பிள்ளையும் ரோட்டில் கிடந்த கல்லைக் கொண்டுவந்து அதில் வைக்கலாம். அது என்ன கல், எப்படிப் பிறந்தது என்று பேராசிரியர் உட்கார வைத்துச் சொல்வார் என்றேன். ஹாஸ்டல் படிக்கட்டில் பெயர்ந்த சில்லைக் கொண்டுபோன ஒரு பெண்ணுக்கு அரை நாள் பாடம் நடந்ததைச் சொன்னேன். எங்களிடம் ஜியாலஜியே கிடையாது. நம் கல்லூரியில் கல் என்றால் ஹாஸ்டல் சோற்றில் வருவது மட்டும்தான். நூலக அம்மா தரையில் உட்கார்ந்து படிக்க விடுவதையும் சொன்னேன். பேசப் பேச எனக்கே அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம் போல இருந்தது.

அந்த அம்மா ஒரு துண்டு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "இவ்வளவு சொல்றீங்களே சார், உங்க வீட்டுப் பிள்ளை எங்க படிக்குது?" என்று கேட்டார்.

இஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாயில் மூன்று நகைச்சுவை தயாராக நின்றது. அதில் ஒன்று, எட்டு மாதத்துக்கு முன் நம் ஆண்டுவிழா மேடையில் நான் சொன்னது. "எம்பொண்ணே எங்க காலேஜை நம்பல, நீங்க நம்பி வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி" என்றேன். மண்டபமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து போனாள்.

மூன்றையும் பிஸ்கட்டோடு விழுங்கினேன். "இவர் காலேஜ்லதாம்மா. அந்தக் கல்லுப் படிப்பு எங்ககிட்ட இல்ல. இருந்திருந்தாலும் போயிருப்பா. பிரின்சிபால் பொண்ணுங்கற பட்டம் இல்லாம நாலு பேர் நடுவுல நடந்து பார்க்கணும்னு சொன்னா. அவ சொன்னது நியாயம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் பேசி யாரும் சிரிக்காத அறை அதுதான் முதல். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அடுத்து இஸ்திரியின் முறை. நம் கல்லூரியைப் பற்றி அவர் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். புதன்கிழமைகளில் நான் தட்டோடு ஹாஸ்டல் வரிசையில் நிற்பதைச் சொன்னார். சரி, அது ஊருக்கே தெரியும். பிறகு, மூன்று நாள் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு நான் போன் செய்வதைச் சொன்னார். அதுவும் வீட்டு மொட்டை மாடியில், ஈரத் துணிகளுக்குப் பின்னால் நின்று, யாருக்கும் கேட்காமல் செய்வதை. ஒரு பையனின் அப்பாவிடம் பேசிவிட்டு அங்கேயே அழுததை.

அந்தத் துணிகளுக்கு இந்தப் பக்கம் இருந்தது உன் அம்மாவும் நீயும் மட்டும்தான்.

அந்த அம்மா நாற்பத்திரண்டு பேருக்கும் தொடர்ந்து தருவதாகச் சொல்லி, மேலும் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு வாரம் மற்றவர் கல்லூரியில் இருந்து பார்த்து எழுத வேண்டும். "சொன்னதெல்லாம் நிஜம்தானான்னு பார்த்துக்கறேன்" என்றார். பியூரெட் ஒரு முழு டம்ளர் காபி கொடுத்தார். அவர் கையால் அதற்கு முன் அரை டம்ளர்தான்.

திரும்பும்போது காரில் இஸ்திரியிடம், மொட்டை மாடிக் கதை எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்க பொண்ணை ரூமுக்குக் கூப்பிட்டேன் சார். உங்க அப்பா காலேஜைப் பத்தி நல்லதா நாலு விஷயம் சொல்லும்மான்னேன். 'நாலு போதுமா சார்'னு கேட்டுச்சு" என்றார்.

அதன்பிறகு அன்று முழுக்க நான் அவரை இஸ்திரி என்று கூப்பிடவில்லை. ஒரு நாளைக்கு இது போதும். மறுநாளிலிருந்து மறுபடியும் இஸ்திரிதான்.

அடுத்த மாதம் முதல் திங்கள் உன் கல்லூரிக்கு வருகிறேன். விருந்தினர் அறை, கேன்டீனில் சாப்பாடு. அங்கே உன்னை எனக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். நீ தட்டோடு கடந்து போனால், யாரோ ஒரு மாணவி என்று தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். என் எதிர் நாற்காலி மட்டும் ஏழு நாளும் காலியாக இருக்கும். வந்து உட்கார்ந்தால் நான் பேச மாட்டேன், கேட்பேன். வழியில் கிடைக்கும் ஒரு கல்லைக் கொண்டுவருகிறேன். அது என்ன கல் என்று சொல்.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குப் போர்வை போதாதென்றால் அம்மாவிடம் சொல். நன்றாக இரு, கண்ணம்மா.

எட்டு மாதமாக நகைச்சுவையைக் குறைத்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா